பாலிஷ் மெஷின் மட்டும் போதுமா? ஃபோம் பேடைத் தேர்ந்தெடுப்பதும் பராமரிப்பதும்



தையல், காளான், மிளகு பொட்டலம் போடுவது என்று பல தொழில்களைப் பற்றி நாம் கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இந்த முறை கொஞ்சம் புதிய தொழில். கார் கழுவி பாலிஷ் போடும் தொழில். அதிலும் பாலிஷ் மெஷினின் முனையில் ஒட்டுகிற ஃபோம் பேடைப் பற்றி மட்டும் எழுதுகிறோம். "ஒரு ஸ்பான்ஜ் துண்டுக்கு இவ்வளவு பெரிய கட்டுரையாங்க?" என்று கேட்பீர்கள். அந்தத் துண்டு நம் குழு ஒன்றுக்கு என்ன செலவு வைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

பர்லியார் பக்கம் நடந்தது

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலைப்பாதையில் இருக்கிறது பர்லியார். 1871-ல் தொடங்கிய அரசுப் பழப்பண்ணை இங்கேதான் உள்ளது. மங்குஸ்தான் வாங்க, டீ குடிக்க, இஞ்சின் சூடு ஆற என்று வண்டிகள் நிற்கும். இத்தனை வண்டி நிற்கிற இடத்தில் வண்டி கழுவும் தொழில் செய்தால் என்ன என்று அந்தப் பகுதிக் குழு ஒன்று யோசித்தது. கடன் வாங்கி பம்பு, ஹோஸ், பாலிஷ் மெஷின் எல்லாம் வாங்கினார்கள். இரண்டு உறுப்பினர்கள் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் சில நாட்கள் நின்று வேலையும் கற்றுக்கொண்டார்கள்.

தொடங்கிய மூன்றாவது மாதம். குன்னூர் பக்கத்து டாக்சிக்காரர் ஒருவர் தன் கருப்பு வண்டியைக் கொடுத்தார். சாயங்காலம் பளபளவென்று வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் திரும்பி வந்தார். "வெயில்ல நிறுத்திப் பாருங்கம்மா" என்றார். பானட் முழுக்க சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள். வேறு இடத்தில் சரி செய்த செலவு 6,500 ரூபாயைக் குழு கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

அந்த வாரக் கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். மெஷின் பிடித்த தங்கை தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். எல்லோர் பார்வையும் அவள் மேல்தான். "கவனமில்லாம செஞ்சுட்டா" என்றார்கள். அந்தப் பணத்தை அவள் சேமிப்பில் கழிக்கலாமா என்றுகூட ஒருவர் கேட்டார். நாங்கள் பேடைக் கொண்டு வரச் சொன்னோம். நடுவில் அமுங்கி, காய்ந்த காம்பவுண்டு ஏறி, அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. ஓரத்தில் இரண்டு மணல் துகள் ஒட்டியிருந்தது. "இடையில கீழே விழுந்துச்சுக்கா, தட்டிட்டு மறுபடி போட்டேன். வேற பேட் இல்லையே" என்றாள் அந்தத் தங்கை.

வேறு பேட் ஏன் இல்லை? திட்ட மதிப்பீட்டை எடுத்துப் பார்த்தோம். மெஷின் இருக்கிறது, பம்பு இருக்கிறது, வாளி, ஷாம்பு, துணி எல்லாம் இருக்கிறது. பேட் என்று ஒரு வரிகூட இல்லை. மெஷினோடு இலவசமாக வந்த ஒரே பேடில் மூன்று மாதம் ஓட்டியிருக்கிறார்கள். அந்த மதிப்பீட்டை அவர்களோடு உட்கார்ந்து எழுதியது நாங்கள்தான். ஆகவே தவறில் எங்களுக்கும் பங்கு உண்டு. அதை அன்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொன்னோம். பணம் அவள் சேமிப்பில் கழிக்கப்படவில்லை, தொழில் செலவில் எழுதப்பட்டது. இன்னொரு குழுவுக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் இந்தக் கட்டுரை.

பேட் என்ன வேலை செய்கிறது?

ஃபோம் பேட் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் கண்டுபிடித்தது. நம் வீட்டு ஃபோம் மெத்தையும் இதே வகைதான். உள்ளே ஆயிரக்கணக்கான சின்ன அறைகள் இருப்பதால் அமுங்கி மறுபடி எழும்பும். பாலிஷைப் பிடித்து வைத்துக்கொண்டு வண்டி மேல் சீராகத் தேய்ப்பதுதான் அதன் வேலை.

கார் பெயின்ட் ஒரே அடுக்கு கிடையாது. தகரத்தின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், அதற்கும் மேல் கண்ணாடி மாதிரி நிறமில்லாத கிளியர் கோட். எல்லா அடுக்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். 1,000 மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். கிளியர் கோட் மட்டும் என்றால் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். அதாவது ஒரு முடியைவிட மெல்லியது.

பாலிஷ் போடுவது என்றால் இந்த அடுக்கைத் துளித் துளியாகத் தேய்த்து மட்டம் செய்வது. தேய்த்தது திரும்ப வளராது. பேடில் ஒரு மணல் துகள் இருந்தால் மெஷின் சுற்றுகிற வேகத்தில் அது நூறு கோடு போட்டுவிடும். அதனால்தான் மெஷினைவிட பேட் முக்கியம் என்கிறோம். வண்டியைத் தொடுவது மெஷின் இல்லை, பேட்தான்.

எந்த வேலைக்கு எந்தப் பேட்?

சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். அடிப்பிடித்த பாத்திரத்துக்கு ஸ்டீல் நார், சாதாரணப் பாத்திரத்துக்குத் தேங்காய் நார், கண்ணாடி டம்ளருக்கு மெத்தென்ற ஸ்பான்ஜ். பேடிலும் அதே கணக்கு.

1. கட்டிங் பேட்: விறைப்பானது, அழுத்தினால் லேசில் அமுங்காது. கொஞ்சம் ஆழமான கோடுகளுக்கு, மங்கிப்போன பெயின்டுக்கு, காம்பவுண்டோடு பயன்படுத்துவது. அதிகமாகத் தேய்க்கும் என்பதால் புதிதாகப் பழகுபவர்கள் கையில் எடுக்க வேண்டாம்.

2. பாலிஷிங் பேட்: நடுத்தரமானது. லேசான கோடுகளை எடுத்துப் பளபளப்பு கொடுக்கும். நமக்கு வருகிற பெரும்பாலான வேலைக்கு இதுவே போதும்.

3. ஃபினிஷிங் பேட்: பஞ்சு மாதிரி மென்மையானது. கடைசி மெருகுக்கும் வேக்ஸ் தடவவும் இதுதான்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு கம்பெனியின் மஞ்சள் விறைப்பாக இருக்கும், இன்னொரு கம்பெனியின் மஞ்சள் மென்மையாக இருக்கும். எல்லோருக்கும் பொதுவான நிற விதி கிடையாது. அட்டையில் எழுதியிருப்பதைப் படியுங்கள், விரலால் அழுத்திப் பாருங்கள்.

எந்த வண்டியானாலும் மென்மையான பேடில் ஆரம்பியுங்கள். ஓரமாக ஓர் அடி இடத்தில் போட்டுப் பார்த்து, கோடு போகவில்லை என்றால் மட்டும் அடுத்த பேடுக்குப் போங்கள். உப்பு குறைந்தால் போட்டுக்கொள்ளலாம், கூடினால் எடுக்க முடியுமா? அது போலத்தான். நகத்தை வைத்து இழுத்தால் மாட்டுகிற அளவு ஆழமான கீறல் பாலிஷில் போகாது. அதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாக்கு கொடுத்துவிட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தால் பெயின்ட்தான் போகும்.

கடையில் பார்க்க வேண்டியவை

- பேட் மெஷினின் தட்டைவிட ஓரமாகக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். 5 அங்குலத் தட்டுக்கு 5½ அல்லது 6 அங்குல பேட். சமமாகவோ சிறிதாகவோ இருந்தால் தட்டின் விளிம்பு பெயின்டில் இடிக்கும்.

- ஆடிக்கொண்டே சுற்றுகிற டூயல் ஆக்‌ஷன் மெஷினுக்கு ரொம்பத் தடித்த பேட் வேண்டாம். மெஷினின் ஆட்டத்தைப் பேடே குடித்துவிடும், வேலை நடக்காது.

- அழுத்தி விட்டால் உடனே பழைய வடிவத்துக்கு வர வேண்டும். பள்ளம் அப்படியே நின்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

- பின்பக்க வெல்க்ரோ நன்றாக ஒட்டியிருக்கிறதா, ஓரத்தில் பசை பிரிகிறதா என்று பாருங்கள். ஓடும்போது பிரிந்தால் பேட் பறந்து போகும், தட்டு பெயின்டில் விழும்.

- நடுவில் துளை உள்ள பேட் கிடைத்தால் நல்லது. நடுவில் சேரும் சூடு கொஞ்சம் வெளியே போகும். தட்டின் நடுவுக்குச் சரியாக வைத்து ஒட்டவும் சுலபம்.

எத்தனை வாங்க வேண்டும்? ஒரு வண்டிக்கு ஒரே பேட் போதாது. தேய்க்கத் தேய்க்க பேட் ஈரமாகும், சூடாகும், பழைய பெயின்ட் துகள் நிறையும். தொடங்கும்போது பாலிஷிங் பேட் 4, ஃபினிஷிங் பேட் 2, கட்டிங் பேட் 2 என்று வைத்துக்கொள்வது எங்கள் ஆலோசனை. மதிப்பீட்டில் இதைத் தனி வரியாக எழுதுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் வாங்கும் கூலியில் ஒரு சிறு தொகையைப் பேடுக்கென்று எடுத்து வையுங்கள். பேட் தேய்ந்து போகிற பொருள். ஷாம்பு தீர்வது போல அதுவும் தீரும்.

வேலை செய்யும்போது

வண்டியை நன்றாகக் கழுவாமல் பேடை வைக்கக் கூடாது. மலை இறங்கும் வண்டிகளில் பிரேக் தேய்ந்த இரும்புத் தூள் சக்கரத்தைச் சுற்றிப் படிந்திருக்கும். தார், பூச்சி, செம்மண் எல்லாம் இருக்கும். சக்கரத்துக்குப் பயன்படுத்திய துணியை உடம்புக்குப் பயன்படுத்தாதீர்கள். கழுவித் துடைத்த பிறகு நிழலில் நிறுத்துங்கள். தகரம் கைக்குச் சுடுகிறது என்றால் இன்னும் ஆறட்டும்.

காய்ந்த பேடில் பாலிஷை முதலில் விரலால் லேசாகத் தடவிக்கொள்ளுங்கள். பிறகு பட்டாணி அளவில் 4 சொட்டு போதும். நிறைய ஊற்றினால் நிறைய பளபளப்பு வராது, பேட்தான் ஊறிப்போகும். இரண்டடிக்கு இரண்டடி இடமாகப் பிரித்து வேலை செய்யுங்கள். பேடை வண்டி மேல் வைத்த பிறகுதான் மெஷினை ஆன் செய்ய வேண்டும். நின்ற பிறகுதான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாலிஷ் நாலாபக்கமும் தெறிக்கும். பேடைச் சாய்த்துப் பிடிக்காதீர்கள். பலம் காட்டி அழுத்தவும் வேண்டாம், மெஷினின் எடையோடு லேசாகக் கை வைத்தால் போதும். கதவு விளிம்பு, மடிப்புக் கோடு இங்கெல்லாம் பெயின்ட் மெல்லியதாக இருக்கும். கருப்பு பிளாஸ்டிக் பட்டைகளையும் விளிம்புகளையும் மாஸ்கிங் டேப் ஒட்டி மறையுங்கள்.

ஒரு பகுதி முடிந்ததும் மென்மையான பிரஷ்ஷால் பேடைத் துடைத்துவிடுங்கள். காம்பவுண்டு போட்ட பேடில் பாலிஷ் போடக் கூடாது. பழப்பண்ணை வேலைக்குப் போகும் உறுப்பினர்களுக்குத் தெரியும், ஒட்டுக் கட்டும் கத்தியால் தேங்காய் கீற மாட்டார்கள். அது மாதிரி ஒரு பேடுக்கு ஒரு மருந்து. பேடின் பின்பக்கம் மார்க்கர் பேனாவால் எண்ணும், எதற்கான பேட் என்பதும் எழுதிவிடுங்கள்.

பேட் கீழே விழுந்தால் அன்றைக்கு அது வேலைக்கு இல்லை. தட்டிவிட்டு, ஊதிவிட்டு, முந்தானையில் துடைத்துவிட்டுப் போடக் கூடாது. கழுவும் வாளிக்குத்தான் போக வேண்டும்.

கழுவுவது எப்படி?

இட்லித் துணியை இறக்கியதும் அலசினால் சுத்தமாகிவிடும். மறுநாள் பார்த்தால் மாவு காய்ந்து கல்லாகி, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பேடும் அப்படியே. வேலை முடிந்த அன்றே கழுவ வேண்டும். உடனே முடியவில்லை என்றால் தண்ணீர் வாளியில் போட்டாவது வையுங்கள். ராத்திரி முழுக்க ஊற விடாதீர்கள், பசை விட்டுப்போகும்.

கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர், சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவ சோப்பு. இரண்டு கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அமுக்கி அமுக்கி விடுங்கள். தண்ணீர் தெளிவாக வரும் வரை அலசுங்கள். சோப்பு உள்ளே நின்றுவிட்டால் அடுத்த வண்டியில் பாலிஷ் சரியாக வேலை செய்யாது. பிறகு இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். துணி மாதிரி முறுக்கிப் பிழிந்தால் பேட் கிழியும். கடைசியில் காய்ந்த துண்டில் வைத்து ஒற்றி எடுங்கள். சிலர் ஈரப் பேடை மெஷினில் மாட்டிச் சுழற்றித் தண்ணீரைத் தெறிக்க விடுவார்கள். ஈரமும் கரன்டும் சேரும் அந்த வேலை நமக்கு வேண்டாம்.

கொதிக்கிற தண்ணீர், பிளீச்சிங் பவுடர், சோடா, மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் கூடாது. துவைக்கிற கல்லில் அடிக்கவும் கூடாது. கழுவிய தண்ணீரை ஓடையில் விடாதீர்கள். நம் ஓடைத் தண்ணீர் கீழே போய்ப் பவானியில்தான் சேருகிறது, அங்கே குடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஓடையை விட்டுத் தள்ளி ஓர் உறிஞ்சு குழி வெட்டி அதில் விடுங்கள்.

காய வைப்பதுதான் நமக்குப் பெரிய வேலை

ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியாரில் துணியே காயாது. பேட் எங்கே காயும்? ஈரத்தோடு டப்பாவில் மூடினால் பூஞ்சை பிடித்து நாறும். அதற்காக அடுப்பின் மேல் பரணில் வைக்காதீர்கள். சூட்டில் பசை இளகும், புகையும் சாம்பலும் ஏறும். உச்சி வெயிலிலும் வேண்டாம், ஃபோம் மஞ்சளாகி உதிரும்.

காற்றோட்டமான நிழலில், கம்பி வலைத் தட்டின் மேல், வெல்க்ரோ பக்கம் மேலாகவும் ஃபோம் பக்கம் கீழாகவும் வையுங்கள். ஈரம் பசைப் பக்கம் தங்காமல் கீழே வடியும். வெளியே வைத்தால் குரங்கு தூக்கிக்கொண்டு போகும், அது உங்களுக்கே தெரியும். அதனால் வலை அடித்த பெட்டி ஒன்று செய்துகொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மூடியுள்ள டப்பாவில் வகைக்கு ஒன்றாக வையுங்கள். மேலே பாரம் ஏற்ற வேண்டாம். மழைக் காலத்தில் காய நாளாகும், ஆகவே கையிருப்பு கூடுதலாக வேண்டும்.

எப்போது ஒதுக்குவது?

நடுவில் பள்ளம் விழுந்து எழும்பவில்லை, ஓரம் கிழிந்தது, வெல்க்ரோ பிடிக்கவில்லை, பசை பிரிந்தது, கழுவியும் உள்ளே கட்டி கட்டியாக இருக்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் வண்டியின் உடம்புக்கு அது வேண்டாம். "இன்னும் ஒரு வண்டிக்கு வரும்க்கா" என்று மனசு சொல்லும். கேட்காதீர்கள். சக்கரம், டயர் துடைக்க அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பின்பக்கம் பெரிய பெருக்கல் குறி போட்டுத் தனியாக வையுங்கள்.

உங்கள் பாதுகாப்பு

சுற்றுகிற மெஷின் முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துக்கொள்ளும். முந்தானையை இறுக்கிச் செருகி மேலே ஓவர்கோட் போடுங்கள். தலைமுடியைக் கொண்டை போடுங்கள். வளையல், தாலிக்கொடி வெளியே தொங்கக் கூடாது. வயரைத் தோளுக்குப் பின்னால் விடுங்கள். பேட் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள். ஈரத் தரையில் ரப்பர் செருப்பு கட்டாயம். கரன்டு கசிந்தால் தானே அணைகிற டிரிப் சுவிட்சை எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாட்டுங்கள். மூக்குக்கும் கண்ணுக்கும் மறைப்பு வேண்டும். கை மரத்துப்போனால் அடுத்தவரிடம் மெஷினைக் கொடுங்கள்.

உறுப்பினர்கள் கேட்டவை

"மெத்தை ஃபோமை வட்டமா வெட்டிப் போட்டா ஆகாதா?"
ஆகாது. அது இந்தச் சூட்டுக்கும் வேகத்துக்கும் செய்ததல்ல, பிய்ந்துவிடும். வெல்க்ரோவும் நிற்காது.

"கம்பளிப் பேட் சீக்கிரம் வேலை முடிக்கும்னு சொல்றாங்களே?"
உண்மைதான். வேகமாகத் தேய்க்கும், கோடும் விடும். கை பழகிய பிறகு பார்க்கலாம்.

"சுற்றுலா வண்டிங்க நிறைய நிக்குது, பாலிஷுக்கு வருவாங்களா?"
பெரும்பாலும் வர மாட்டார்கள். டீ குடிக்கிற நேரத்தில் கழுவ முடியும், பாலிஷ் போட முடியாது. அதற்கு அரை நாளாவது வேண்டும். பாலிஷுக்கு நம் வாடிக்கை உள்ளூர் டாக்சிக்காரர்களும் சொந்த வண்டிக்காரர்களும்தான். அவர்கள் திரும்பத் திரும்ப வருபவர்கள், ஒரு வண்டி கெட்டால் ஸ்டாண்டு முழுக்கப் பேச்சாகிவிடும்.

இப்போது

அந்தக் குழு இப்போது எட்டு பேட் வைத்திருக்கிறது. ஒரு சின்ன நோட்டும் போட்டிருக்கிறார்கள். பேட் எண், வாங்கிய தேதி, எத்தனை வண்டி, கழுவியது யார், நிலைமை என்ன என்று ஐந்து பத்தி. அதை எழுதுவது மெஷின் பிடித்த அதே தங்கைதான். கட்டாயப்படுத்தி யாரும் கொடுக்கவில்லை, அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். வண்டியை வெளியே அனுப்புவதற்கு முன் வெளிச்சத்தில் நிறுத்தி இரண்டு பேர் சுற்றிப் பார்க்கிறார்கள். அந்த டாக்சிக்காரர் இன்னும் திரும்பி வரவில்லை. வேறு மூன்று பேர் வந்திருக்கிறார்கள்.

இந்தத் தொழிலைத் தொடங்க நினைக்கும் குழுக்கள் அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு உங்கள் மதிப்பீட்டைக் கொண்டு வாருங்கள். பேட் வரி இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். ஏற்கெனவே தொழில் செய்பவர்கள் உங்கள் பேடுகளையே எடுத்து வாருங்கள். எது ஆகும், எது ஆகாது என்று எல்லோரும் சேர்ந்து கையால் அழுத்திப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம்.